வீட்டு மாதிரியாக இருந்த பஞ்சு அக்காவுக்கு

கீங்... கீங்... கீங்...!

பதினெட்டு நாட்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு, நம் ஆய்வகத்தின் பழைய உறைபெட்டி அலறியது. மைனஸ் எண்பதில் நிற்க வேண்டிய குளிர் மைனஸ் அறுபத்தொன்றுக்கு வந்துவிட்டது. அந்த அலறல் மட்டும் கேட்டிராவிட்டால் இந்த மடல் வேறு விதமாக அமைந்திருக்கும். பார்க்க அழகாக, படிக்க இதமாக, முழுக்க முழுக்கத் தவறாக. எனவே முதல் வணக்கம் அந்த அலறலுக்கு. அடுத்த வணக்கம் உங்களுக்கு.

பஞ்சு கொடுத்துப் பணி தொடங்கி, பதறி வந்தவர் பக்கத்தில் பதறாமல் அமர்ந்த பண்பே! எரிகிற மாடியில் ஏறத் துணிந்தவரும் எங்கள் ஊசிக்கு அஞ்சி எழுந்தோடியபோது, ஒற்றைச் சொல்லில் உட்கார வைத்த உறுதியே! முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல், ஊரார் எச்சிலை முத்தாக எண்ணி முத்திரையிட்டுக் காத்த முதல்வியே! எங்கள் பஞ்சு அக்கா அவர்களே!

உங்கள் இயற்பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டடத்தில் அதைச் சொல்லிக் கேட்டால் காவலாளிக்குக்கூடத் தெரியாது. வந்தவர் வாயில் ஒரு பஞ்சுச் சுருளை வைத்து, இரண்டு நிமிடம் ஊற விட்டு, குழாயில் போட்டு மூடி, தேதி எழுதுவது உங்கள் வேலை. "கடிக்காதீங்க, மெல்லாதீங்க. மாமியார் குடுத்த பலகாரம் மாதிரி சும்மா ஒரு ஓரமா ஒதுக்கி வச்சுக்கோங்க" என்பீர்கள். சிரித்த வாயில் எச்சில் ஊறும். அதுதான் உங்களுக்கு வேண்டும்.

இங்கே என்ன வேலை நடக்கிறது என்று உங்கள் பணி ஓய்வு விழாவுக்கு வந்திருக்கும் விருந்தினர்கள் கேட்கலாம். ஒரே தீ. ஒரே படிக்கட்டு. இரண்டு பேர் ஏறுகிறார்கள். இருவரும் அதே கோரத்தைக் காண்கிறார்கள். ஒருவர் ஒரு மாதத்தில் பழையபடி தூங்குகிறார். இன்னொருவர் பத்து வருடம் கழித்தும் அந்தப் படிக்கட்டிலேயே நிற்கிறார். அவர் கோழையா? கிடையாது. அவர் உடம்பில், அடி விழும் முன்பே, 'இவருக்கு இது ஆழமாக இறங்கும்' என்று சொல்லும் குறி ஏதாவது இருந்ததா? அதைத்தான் தேடுகிறோம். தீயணைப்புப் படைக்கும் ஆம்புலன்ஸுக்கும் புதிதாகச் சேர்கிறவர்களை, முதல் விபத்தைப் பார்க்கும் முன்பே இங்கு அழைத்து வருகிறோம். காலை எச்சிலில் கார்ட்டிசால் என்ற சுரப்பு எவ்வளவு என்று அளக்கிறோம். பதற்றத்தில் ஏறும் அது, ஆறாத அதிர்ச்சி நீடித்தால் பலருக்கு இறங்கிப்போகும். காதில் கருவி மாட்டி, எதிர்பாராத நேரத்தில் ஓர் ஓசை எழுப்பி, கண் எத்தனை பலமாக இமைக்கிறது என்று பார்க்கிறோம். பிறகு ஆண்டுக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கருவியையே நம்பலாமா என்று மாதாமாதம் சோதிக்க, அளவு ஏற்கெனவே தெரிந்த ஒருவரின் எச்சில் வேண்டும். நீங்கள் வேலையில் சேர்ந்த முதல் வாரம், பெரிய டாக்டர் "யாரைப் பிடிக்கிறது?" என்று தலையைச் சொறிந்தபோது, "நான்தான் இருக்கேனே" என்றீர்கள். அன்று முதல் 'வீட்டு மாதிரி' நீங்கள். ஒவ்வொரு முதல் தேதியும் உங்கள் வாயில் ஒரு பஞ்சு. மற்றவர் அளவு கூடியதா குறைந்ததா என்று சொல்ல, உங்கள் அளவுதான் கோடு. பன்னிரண்டு ஆண்டுகள் அந்தக் கோடு ஆடவில்லை, அசையவில்லை. "அக்காவுக்கு டென்ஷன்னா என்னன்னே தெரியாது. அதை நம்ம கருவியே சொல்லுது" என்று பெருமை பேசினோம்.

பிறகு அந்த மழைக்காலை வந்தது. அன்றும் முதல் தேதி. பத்து மணி பத்து நிமிடத்துக்கு, தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட வந்தீர்கள். "என்னக்கா இது?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"பஸ் லேட்டு" என்றீர்கள்.

வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, பஞ்சை வாயில் வைத்து, அன்றைய குழாயையும் நிரப்பித் தந்தீர்கள். மறுநாள் செய்தித்தாள் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பாலத்துக் கைப்பிடியை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது உங்கள் பஸ். ஒன்பது பேர் கரையேறவில்லை. படத்தில் கரையோரம் நின்றவர்களில் ஒருவர் தோளில் தொங்கிய பையை வைத்து நர்ஸம்மா உங்களை அடையாளம் கண்டார்.

பெரிய டாக்டர் ஓடி வந்து கேட்டார்: "நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

அவ்வளவுதான். நாங்கள் கை தட்டினோம். ஆம், அக்கா, தட்டினோம். இரும்பு மனுஷி என்றோம். பேரிடர் கண்டும் பேதலிக்காதவர் என்று பதினேழு சொற்பொழிவுகளில் பெரிய டாக்டர் உங்களை எடுத்துக்காட்டாகச் சொன்னார். அதிர்ச்சியை அளப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு கூட்டம், தன் நடுவில் ஈரத்தோடு நின்ற ஒருவரை ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்துபோன கதை இது. இதை எழுதும்போது எங்கள் கை கூசுகிறது.

இனி பழைய உறைபெட்டி அலறிய வியாழக்கிழமைக்கு வருவோம். அன்று ஆய்வகமே உங்கள் குரலுக்கு ஓடியது.

"முதல்ல தீயணைப்பு டிராயர்! அப்புறம் ஆம்புலன்ஸ்! சராசரி, எண்ணிட்டே நிக்காதீங்க, தூக்குங்க!"

சராசரி என்பது எங்கள் புள்ளிவிவரக்காரர். எதையும் எண்ணாமல் அவரால் மூச்சு விட முடியாது.

"எண்ணாம தூக்கினா, எத்தனை தூக்கினேன்னு எப்படிக்கா தெரியும்?"

"நாளைக்கு இடுப்பு சொல்லும். தூக்குங்க!"

நாற்பது நிமிடத்தில் ஒன்றுகூட உருகாமல் எல்லாம் புதிய பெட்டிக்குப் போய்விட்டன. பழைய பெட்டியின் அடித்தட்டில், பனிக்குப் பின்னால், ஓர் அட்டைப் பெட்டி மட்டும் எஞ்சியது. சராசரி அதில் கை வைத்தார்.

"அது வேணாம். விடுங்க."

"நிறைய டியூப் இருக்குக்கா."

"பழசு. உருகட்டும்."

ஒரு மாதிரியை உருகட்டும் என்று நீங்கள் சொல்லி, முப்பத்தோராண்டில் நாங்கள் கேட்டதே இல்லை. நீங்கள் திரும்பிய நேரம் பார்த்து சராசரி அந்தப் பெட்டியைத் திருடினார். திருட்டுத்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டார். புதிய பெட்டியின் மூலையில் ஒளித்து வைத்து, கையுறையோடு எண்ணிப் பார்த்தார். இருநூற்று இருபத்தைந்து குழாய்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்தில் ஒரு முதல் தேதி. கடைசிக் குழாயின் தேதி, இந்த மாதம்.

பழைய பதிவேடுகளை இறக்கினோம். விபத்துக்குப் பின் வந்த முதல் மாதம், 'வீட்டு மாதிரி அளவு குறைவு. கருவி கழுவப்பட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் மாதம், 'மீண்டும் குறைவு, ரசாயனம் மாற்றப்பட்டது.' மூன்றாம் மாதம், கோளாறு கருவியிலோ ரசாயனத்திலோ இருந்தால்தானே மாற்றுவதற்கு? அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே வரி: 'வீட்டு மாதிரி இன்று முதல் தகுதி இழக்கிறது. மாற்று ஆள் தேவை.' கீழே உங்கள் கையெழுத்து. அதற்கும் கீழே, பார்த்தேன் என்று பெரிய டாக்டரின் கையெழுத்து.

அவர் அதைப் படிக்காமல் போட்டிருக்கிறார். அடுத்த மாதம் முதல் நர்ஸம்மா வீட்டு மாதிரியானார். ஏன் மாறியது என்று அவரும் கேட்கவில்லை. நாங்கள் யாருமே கேட்கவில்லை. ஆனால் நீங்கள் மட்டும், யாரும் கேட்காத அந்தப் பஞ்சை, யாரும் பார்க்காத நேரத்தில், மாதம் தவறாமல் வாயில் வைத்து, தேதி எழுதி, அடித்தட்டில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள்.

பெரிய டாக்டர் பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் குழாய் கழுவும் இடத்துக்கு வந்தார். நாங்கள் வாசலில் நின்றோம்.

"ஏன் சொல்லல?"

"எதை டாக்டர்?"

"இதை." பக்கத்தைக் காட்டினார். "நான் கேக்கலையா? அன்னிக்கே கேட்டேனே!"

"கேட்டீங்க. நல்லா இருக்கீங்களான்னு கேட்டீங்க. அதுக்கு ஒரு பதில்தானே டாக்டர் இருக்கு?"

தொட்டிக்கு மேல் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நீங்கள்தான் மூடினீர்கள்.

"அப்ப இவ்வளவு டியூபும் எதுக்கு?"

"பழக்கம். முதல் தேதி பஞ்சு வைக்கலன்னா மாசம் பொறந்த மாதிரியே இருக்காது."

"ஒப்புதல் படிவத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க. திறந்து பாக்கலாம்."

"வேணாம் டாக்டர். போற நேரத்துல எதுக்கு? எரிச்சிருங்க."

விதியும் அதைத்தான் சொல்கிறது. ஒப்புதல் இல்லாத மாதிரி, கொடுத்தவர் விலகும் நாள் மாலை ஐந்து மணிக்குள் எரியூட்டிக்குப் போக வேண்டும். அந்த நாள் இன்று. நீங்கள் கையெழுத்திடாவிட்டால் பத்தொன்பது ஆண்டுகள் சாம்பலாகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று எங்களுக்கு இருந்தது. அந்த மழைக்காலையை நீங்கள் மறுபடியும் தனியாகவே சுமந்துகொண்டு இந்த வாசலைத் தாண்டிவிடுவீர்கள். அதன்பின் கேட்க எங்களுக்கு இடமே இருக்காது.

பத்து நாள் கெஞ்சினோம். பத்து நாளும் நீங்கள் கிளம்புவதற்காக உங்கள் பீங்கான் கோப்பைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். பதினோராம் நாள் நர்ஸம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. "ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் எப்படி அழைப்பு அனுப்புறோம்? அக்காவுக்கு மட்டும் ஏன் வாசல்ல நின்னு கத்துறோம்?" என்றார். ஆய்வுக்கு வருவோருக்கு அனுப்பும் வழக்கமான கடிதம் ஒன்றை எடுத்து, உறையிலிட்டு, தபால்தலை ஒட்டி, உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்பினார். அந்தக் கடிதத்தின் வாசகம் முப்பதாண்டுக்கு முன் நீங்களே எழுதியது:

'உங்களுக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ள விரும்புகிறோம். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. யாரும் வருத்தப்பட மாட்டோம். வருவதானால், உங்களுக்காக ஒரு நாற்காலி காத்திருக்கிறது.'

இரண்டு நாள் கழித்து, மடித்த படிவத்தை மேசையில் வைத்தீர்கள். கையெழுத்து இருந்தது.

"விளம்பரக் காகிதம் தவிர அந்த வீட்டுக்கு ஒரு கவர் வந்து எத்தனை வருஷம் ஆச்சு!" என்றீர்கள். "என் எழுத்துக்கு நானே மசிஞ்சிட்டேன், போங்க."

அன்று முதன்முறையாக நீங்கள் கேட்பவர் நாற்காலியை விட்டு, எதிர் நாற்காலியில் அமர்ந்தீர்கள். பெரிய டாக்டர் கேள்வித்தாளைப் பிரித்தார். "பஞ்சு முதல்ல, கேள்வி அப்புறம். கேள்வி கேட்டா அளவு மாறிடும். இத்தனை வருஷமா என்னத்தப் பாத்தீங்க?" என்று அவரையே திருத்தினீர்கள். கதவு மூடியது. உள்ளே இரண்டு மணி நேரம். அங்கே சொன்னது இங்கே எழுதப்படவில்லை. அது ஓர் எண்ணிட்ட கோப்பில் பூட்டி இருக்கிறது. எழுதலாம் என்று நீங்கள் விட்டுக்கொடுத்ததை மட்டும் எழுதியிருக்கிறோம். ஒரு வரியை அடித்தீர்கள். எடுத்துவிட்டோம்.

இந்த மடலின் முதல் வரைவு அதற்கு முன்பே தயாராக இருந்தது. மறுநாள் அதை உங்களிடம் சரிபார்க்கக் கொடுத்தோம். பதிவேடு திருத்துவதுபோல் விளிம்பில் பென்சிலால் திருத்தித் தந்தீர்கள்.

'காலம் தவறாக் கடமையாளர், காவலாளிக்கும் முன்னே கதவருகே நிற்பவர்' என்று எழுதியிருந்தோம். பக்கத்தில் உங்கள் பென்சில்: 'பஸ்ஸில் ஏற முடிவதில்லை. பாலமும் முடியாது. சுற்றி ஏழு கிலோமீட்டர். நடந்து வர விடிகாலையே கிளம்ப வேண்டும்.'

'அடக்கத்தின் உருவாய் அவையில் கடைசி இருக்கையை நாடுபவர்' என்றிருந்தோம். பென்சில்: 'கதவு பக்கம் அதுதான்.'

'இளையவர் வளர இடம் கொடுத்து, ஓசைச் சோதனைப் பொறுப்பை நர்ஸம்மாவிடம் உவந்து ஒப்படைத்தவர்.' பென்சில்: 'அந்தச் சத்தம் என்னால் தாங்க முடியவில்லை. காது சரியில்லை என்று பொய் சொன்னேன். நர்ஸம்மா மன்னிக்கவும்.'

'விடுப்பே அறியாத வேங்கை.' இதற்கு நீங்கள் இரண்டு முறை எழுதி அழித்திருக்கிறீர்கள். மூன்றாவதாக எழுதியது தெரிகிறது: 'வீட்டில் யாரும் இல்லை.'

அம்மா தவறி ஓராண்டில் பஸ் விழுந்தது. தம்பி தொலைவில். மாதத்தில் முதல் ஞாயிறு அவர் போன் செய்வார். அவருக்கும் நீங்கள் சொன்னது அந்த ஒரே பதில்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். நாங்கள் மாலைக்கு நூல் எடுத்துக் கோத்தவை எல்லாம் உங்கள் காயத்தின் தழும்புகள், அக்கா. ஆனாலும் ஒன்று சொல்வோம். காயத்தோடும் ஏழு கிலோமீட்டர் நடந்து வந்து, காயப்பட்டு வந்த இன்னொருவர் வாயில் சிரிக்கச் சிரிக்கப் பஞ்சு வைத்தீர்களே, அது எந்தப் பென்சிலாலும் திருத்த முடியாத பெருமை. அதை மட்டும் எங்கள் வரைவிலிருந்து எடுக்க மாட்டோம்.

குழாய்களைத் திறந்தோம். ஒருவரை வைத்து எந்த முடிவும் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். "ஒரே ஒருத்தரை வச்சு நான் எப்படிக்கா சராசரி போடுறது?" என்று எங்கள் சராசரியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பார்த்ததைச் சொல்லலாம். பழைய பதிவேட்டின்படி, விபத்துக்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள், நாங்கள் தேடும் குறிகளில் ஒன்றுகூட உங்களிடம் இல்லை. விபத்துக்குப் பின் கோடு இறங்குகிறது; இறங்கிய இடத்திலேயே பத்தொன்பது ஆண்டு படுத்துக் கிடக்கிறது. எச்சில் சொல்லாத குறி வேறெங்கோ இருந்திருக்க வேண்டும்.

கேள்வித்தாளில் முன்பு பதினேழாவதாக ஒரு கேள்வி இருந்தது. 'நடந்ததை முதலில் யாரிடம் சொன்னீர்கள்?' பதில் எண்ணாக வராது, கணக்கில் ஏறாது என்று பல ஆண்டுகளுக்கு முன் அதை எடுத்துவிட்டோம். எடுத்த கூட்டத்தின் குறிப்பேட்டில், கடைசி இருக்கையிலிருந்து ஒரே ஒரு மறுப்பு பதிவாகியிருக்கிறது. அது உங்களுடையது. விபத்து நடந்து நான்கு மாதம் ஆகியிருந்த நேரம் அது. அப்போதும் நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்களுக்கு நாங்கள் தரும் பரிசு தட்டோ கடிகாரமோ அல்ல. பதினேழாம் கேள்வி நாளை முதல் கேள்வித்தாளில் திரும்ப ஏறுகிறது. கணக்கில் ஏற்றுவது எப்படி என்று சராசரி மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். பெரிய டாக்டர் தம் பதினேழு சொற்பொழிவுகளையும் கேட்டவர்களுக்குத் திருத்தம் எழுதத் தொடங்கிவிட்டார். செவ்வாய்தோறும் பத்து மணிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் சிகிச்சைக்கு வர நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு, இந்த அவையில் நன்றி சொல்கிறோம். காலம் கடந்துவிட்டதோ என்று கேட்டீர்கள். கடக்கவில்லை என்று, உங்களைப் போலவே தாமதமாக வந்து தேறிய பலரின் குழாய்கள் சொல்கின்றன. தேதி எழுதியது நீங்கள்தானே!

நீண்ட நாள் வாழ்க என்று வாழ்த்த எல்லாருக்கும் தெரியும். நாங்கள் உங்களுக்கு நீண்ட தூக்கத்தை வாழ்த்துகிறோம். நடுவில் விழிக்காத தூக்கம். மழை பெய்தால் சன்னலை மூடிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் சாதாரணத் தூக்கம். முதல் தேதி பிறக்கப் பஞ்சு தேவைப்படாத மாதங்கள் உங்களுக்கு வரட்டும். தபால்காரர் உங்கள் வீட்டு எண்ணை மனப்பாடம் செய்யும் அளவுக்கு உறைகள் வரட்டும். அதற்கு நாங்கள் பொறுப்பு. உடல் நலமும் உள்ள நலமும் ஒருங்கே பெற்று, உங்களைக் கேட்பவர்கள் சூழ வாழ்வீர்களாக!

என்றும் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பெரிய டாக்டர், சராசரி, நர்ஸம்மா,
மற்றும் இந்த ஆய்வகத்தில் உங்கள் கையால் பஞ்சு வாங்கிய அனைவரும்.

பின்குறிப்பு: இந்த மடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டத்துக்குள் இதற்கு இடமில்லை, ஆனாலும் சேர்த்தே ஆக வேண்டும். நேற்று மாலை இந்த மடலை முடித்து உங்களிடம் படித்துக் காட்டினோம். விழா முடிந்ததும் வண்டி வேண்டாம், அந்த ஏழு கிலோமீட்டரும் நாங்கள் எல்லாரும் உங்களோடு நடந்து வருகிறோம் என்றோம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"பாலத்து வழியாவே போகலாம். இத்தனை வருஷமா முடியாம இல்ல... கூட வாங்கன்னு யாரையும் கேக்கத்தான் எனக்குத் தெரியல."